தீவகத்தில் ஒருநாட் பயணங்கள்

தென்னிலங்கையிலிருந்து பஸ் வண்டிகளில் வந்திறங்கும் யாத்திரிகர்களும், புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் எம்மவரும் தீவகத்துக்கென ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு முற்பகலைத்தான். பண்ணைத் தாம்போதியில் ஏறி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, புங்குடுதீவுக்கூடாகக் குறிகட்டுவான் சென்று, நயினாதீவில் அம்மனையும் விகாரையையும் வணங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிடுகிறார்கள். இடையிலுள்ள வேலணைத்தீவு அவர்களுக்கு ஒரு வீதி மட்டுமே. அண்மையில் அந்த வீதியிலிருந்து சற்று விலகி, புளியங்கூடலில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கி, நாளுக்கு ஓரிடமாகப் போய்வரும் வாய்ப்புக் கிடைத்தது.

புளியங்கூடல் சிறிய ஊர். சரவணை, நாரந்தனை, சுருவில் என்று அயலூர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. பனைகளும் வடலிகளும், கோயில் மணியோசையும், கூரையிழந்த கல்வீடுகளும்தான் காட்சி. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது புறப்பட்டவர்களிற் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. முற்றத்து வேம்பு அறைக்குள் வேரோடிய வீடுகளை எத்தனையென்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். சுற்றுலா வழிகாட்டி நூல்களில் இவை இடம்பெறுவதில்லை. முந்நூறு ஆண்டு பழைய இடிபாட்டுக்குக் கிடைக்கும் மரியாதை முப்பது ஆண்டு பழைய இடிபாட்டுக்குக் கிடைப்பதில்லை.

முதலாவது பயணம் ஊர்காவற்றுறைக்கு. மிதிவண்டியிலேயே போய்விடலாம். "அங்கை என்ன கிடக்கெண்டு போறியள்?" என்று மச்சான் சிரித்தார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் நிறைந்திருந்த துறைமுகத்தில் இப்போது சில மீன்பிடி வள்ளங்களும் அனலைதீவு, எழுவைதீவுப் படகுகளுமே நிற்கின்றன. கரையில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையின் சிதைந்த சுவர்களைப் பற்றை மூடியிருக்கிறது. கப்பற்றுறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது 'கயிற்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர். பின்னர் வந்த ஒல்லாந்தர் தங்கள் நகரங்களின் பெயர்களையே தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத்தீவு லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொற்றர்டாம். இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர்தான் இன்றும் பரவலாக வழங்குகிறது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் மிதவையை எங்கள் மக்கள் 'பாதை' என்பார்கள். வீதி முடிந்த இடத்திலிருந்து அடுத்த வீதி தொடங்கும் இடம்வரை மிதந்து செல்லும் பாதை அது, பொருத்தமான பெயர்தான். மோட்டார் சைக்கிள்களும் மீன்பெட்டிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் ஏறிக்கொள்ள, சில நிமிடங்களில் அக்கரை வந்துவிடுகிறது. பழுதாகி நிற்கும் நாட்களில், கண்ணுக்குத் தெரியும் அக்கரைக்குப் போக யாழ்ப்பாணத்தைச் சுற்றிவர வேண்டும்.

பாதையில் நின்றபடியே கடலின் நடுவே கடற்கோட்டையைப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் கட்டிய அக்கோட்டை 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. பீரங்கிகளைவிடக் குடிநீர்த் தட்டுப்பாடே உள்ளிருந்தவர்களைச் சரணடைய வைத்தது. நாற்புறமும் தண்ணீர் இருந்தும் தாகத்தால் வீழ்ந்த கோட்டை! ஒல்லாந்தருக்கு இலங்கைத்தீவு பன்றித் தொடை இறைச்சியின் வடிவில் தோன்றியதாம். அதன் குதிப்பக்கத்தில் இருப்பதால் ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் சிறைச்சாலையாகவும் இருந்த அது, இப்போது கடற்படையினர் நடத்தும் விடுதி. காசு கொடுத்தால் இரவு தங்கலாம். நான் தங்கவில்லை.

நயினாதீவுக்குப் போனபோது நான் தேடிச் சென்றது ஒரு கல்லை. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை வாசித்து 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த சட்டம் என்பதால் அரசியல் மேடைகளில் அவ்வப்போது அடிபடுவதுண்டு. ஆனால் அதன் உள்ளடக்கம் மேடைப் பேச்சை விடச் சுவையானது. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்கிறது ஆணை. அரசனுக்காக யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பலாயின் சரிபாதி. ஊராத்துறை என்பது ஊர்காவற்றுறையே என்பது அறிஞர் கருத்து. முதல்நாள் நான் மிதிவண்டியைச் சாத்திவைத்துவிட்டு நின்ற அதே துறை! கடலில் வருகிறவனுக்குக் காவல் உண்டென்று அரசு கொடுத்த வாக்கு கல்லில் இருக்கிறது. துறையின் பெயரிலும் காவல் இருக்கிறது.

கோயிலுக்கு வந்த கூட்டத்தில் இக்கல்லைப் பற்றி விசாரித்தவர் எவரையும் நான் காணவில்லை. மணிமேகலையின் மணிபல்லவம் இதுவே என்ற கருத்தைப் பெருமையோடு சொல்பவர்கள்கூட, ஐயத்துக்கிடமில்லாத இந்தச் சான்றைக் கடந்து போய்விடுகிறார்கள்.

நெடுந்தீவுக்கு ஒரு முழுநாள் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து கடற்பயணமே ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். காற்று எழும்பினால் இன்னும் கூடும். இறங்கியதும் முச்சக்கர வண்டிக்காரர் சுற்றிக்காட்டும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றே: முருகைக்கற்களால் எழுந்த கோட்டையின் இடிபாடு, பழைய புறாக்கூடு, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பெருக்கமரம், வெடியரசன் கோட்டை. எனக்குப் பிடித்தவை பட்டியலில் இல்லாத வேலிகள்தான். சாந்தில்லாமல், முருகைக்கல்லின் மேல் முருகைக்கல்லாக அடுக்கிய அவ்வேலிகள் காற்றுக்கும் மாட்டுக்கும் அசையாமல் நிற்கின்றன.

தெற்கே வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்ற ஐரிஷ் அதிகாரி இங்கிருந்து நிர்வாகம் நடத்தியபோது குதிரை வளர்ப்பு ஓங்கியிருந்தது. படங்களில் அழகாகத் தெரியும் இக்குதிரைகள் கடுங்கோடையில் நீரின்றிச் செத்து விழுகின்றன. எலும்பு துருத்திய ஒன்று, வற்றிய குட்டையின் சேற்றை நக்கிக்கொண்டு நின்றது. படம் எடுக்க மனம் வரவில்லை.

திரும்பும் கடலில்தான் 1985 மே 15 நினைவுக்கு வராமல் இராது. அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் பெண்களுமாகக் குறைந்தது 23 பேர். ஊரவர் சொல்லும் தொகை அதிலும் கூட. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் கூறினார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். பத்திரிகையில் அந்தப் பெயர்களை வாசித்ததும், பின்னர் நானே பத்திரிகையாளனாகி ஆண்டுதோறும் மே மாதத்தில் அச்செய்தியைச் செப்பனிட்டதும் வேறு. அந்தக் கடலின் மேல் மிதவை அங்கி அணிந்து அமர்ந்திருப்பது வேறு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டு வணிகனுக்கு இக்கடலில் கிடைத்த காவல் வாக்கு, சொந்த நாட்டுப் பயணிக்குக் கிடைக்கவில்லை. நயினாதீவுக் கல்லை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்ததனால் இந்த எண்ணம் எழுந்தது. பயண ஒழுங்கை மாற்றியிருந்தால் எழுந்திருக்குமோ தெரியாது. குமுதினி அதன்பின்னரும் பல ஆண்டுகள் அதே மக்களை ஏற்றி ஓடியது. அவர்களுக்கு வேறு படகு ஏது?

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கரம்பொன்னில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966 இல் கோலாலம்பூரில் தொடக்கிவைத்த மனிதரின் ஊர் என்பதற்காகவே அந்த ஒழுங்கைகளில் நடந்தேன். வேலணையின் சாட்டிக் கடற்கரை குளிக்க ஏற்றது. அங்கே கடலுக்குக் கிட்டவே நன்னீர்க் கிணறுகள் இருப்பது இன்னும் வியப்பு. அராலித்துறை, 1992 ஆகஸ்ட் 8 இல் தளபதி டென்சில் கொப்பேகடுவ கண்ணிவெடியில் கொல்லப்பட்ட இடம். கடற்காற்றைத் தவிர அங்கே பார்க்க அதிகமில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று. நெடுந்தீவிலிருந்து திரும்பிய படகில் என்னருகே எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் மடியில் மருந்துத் துண்டுகளுடன் இருந்தார். மறுநாள் காலை யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிளினிக். ஆகவே முதல்நாளே புறப்பட்டு, உறவினர் வீட்டில் இரவு தங்கவேண்டும். "போன கிழமை பாக்க வந்த சனம் நிறைஞ்சு எனக்கு ஏற இடமில்லைத் தம்பி. கிளினிக் தவறிப்போச்சு" என்றார். குற்றஞ்சாட்டும் குரலல்ல, காற்றைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பெரிய குழுவாகப் போகிறவர்கள் தனிப்படகு பேசிக்கொள்ளுங்கள். பொதுப்படகில்தான் போவீர்களாயின், ஊரவர் ஏறிமுடியும்வரை இறங்குதுறையில் நில்லுங்கள். குடிதண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள நன்னீர் அங்குள்ளவர்களுக்கே போதாது.