எந்த மலை ஏறலாம்? வட்டக்கோட்டையிலிருந்து ஒரு பார்வை

கன்னியாகுமரிக்கு அருகே, திருவிதாங்கூர் காலத்து வட்டக்கோட்டை மதிலில் நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை. பார்த்ததும் ஏறத் தோன்றும். ஆனால், எந்த மலை?

முதல்முறை ஏறுபவர்களுக்குப் பொற்றையடி அருகிலுள்ள மருந்துவாழ் மலை போதும். அதிகாலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். 1,868 மீட்டர் அகத்தியர்மலை அப்படியல்ல. கேரளத்தின் போணக்காடு வழியாக, வனத்துறை அனுமதியோடு, காட்டில் தங்கி ஏற வேண்டும்.

தமிழக வனத்துறை 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிக்கப்பட்டன. குமரியின் காளிகேசமும் அதில் உண்டு.

உயரத்தைவிட முக்கியம் பருவம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காடு காய்ந்து கிடக்கும் நாளில் வனத்துறை வேண்டாம் என்றால், கோட்டை மதிலில் நின்றே மலையை ரசித்துவிட்டு வாருங்கள்!