பருத்திமார்க் குச்சி

ரிட்டயர் ஆன கையோடு பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் சூப்பர் ஒன்று வாங்கினேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. "வீட்ல கார் நிக்குது, இது எதுக்குப்பா?" என்றான். மெக்கானிக் மட்டும் என் கட்சி. "மூணு மூட்டை ஏத்தினாலும் முனகாது அண்ணாச்சி" என்றார். ஏற்ற என்னிடம் மூட்டை எதுவும் இல்லை. ஆனால் அறுபத்திரண்டு வயதில் காலைத் தூக்கிப் போடாமல் வேட்டியோடு ஏறி உட்கார ஒரு வண்டி கிடைப்பது லேசான காரியமா?

காலையில் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி எட்டயபுரம் பக்கம் ஒரு சுற்று. முப்பத்தைந்துக்கு மேல் முறுக்குவதில்லை. அந்த வேகத்தில்தான் கம்மங்காட்டு வாசனை மூக்குக்கு வந்து சேர்கிறது. நாற்கரச் சாலைக்கு நான் போவதில்லை. எழுத்தாளர்கள் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அந்தச் சாலையோரம்தான் இருக்கிறது. காரில் பறக்கிறவனுக்கு அது ஒரு பச்சை போர்டு, அவ்வளவுதான்.

பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும் அந்தப் புகை வந்தால் போதும், பெரியப்பா வந்துவிடுவார். டி.வி.எஸ். 50 வந்தது 1980-இல். இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மொபெட் நாட்டிலேயே அதுதான் முதல். நாலைந்து வருஷம் கழித்து, பருத்தி நன்றாக விளைந்த ஒரு மாசூலில் பெரியப்பா ஒன்று வாங்கினார். பங்கில் பெட்ரோல் ஊற்றி, அளந்து ஆயிலை விட்டு, வண்டியை இடமும் வலமுமாகக் குலுக்குவார். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டிய மாதிரி இருக்கும். பிறகு ஸ்டாண்டில் நிறுத்தி சைக்கிள் மாதிரி பெடல் மிதித்தால் உயிர் வரும்.

அந்த ஐம்பது சி.சி. எதைத்தான் சுமக்கவில்லை! வீடுகளில் ஒட்டி முடித்த தீப்பெட்டிக் கூடுகள் சாக்குச் சாக்காகப் போகும். கனம் கிடையாது, ஆனால் மலை மாதிரி இருக்கும். எதிர்க்காற்று அடித்தால் ஓட்டுகிறவர் தலை மட்டும் தெரிய, வண்டி ஒருச்சாய்ந்து வரும்.

சுமைக்கெல்லாம் அசையாத வண்டி, மழைக்கு மட்டும் தோற்றது. கரிசல் நனைந்தால் மண் இல்லை, பசை. நாலு பாகம் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. அதற்கென்றே பெரியப்பா ஹேண்டில்பாரில் ஒரு முழம் பருத்திமார் கட்டி வைத்திருப்பார். காய்ந்த பருத்திச் செடியின் தண்டு. ஊரில் அடுப்பெரித்ததே அதில்தான். இறங்கி, குந்தி உட்கார்ந்து, மண்ணைக் குத்திக் குத்தித் தள்ளுவார். இருபதடி நகரும். மறுபடி இறங்குவார். நான் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "இந்த மண்ணு இப்பிடி ஒட்டலேன்னா பருத்தி எப்பிடிறா வெளையும்?" என்பார்.

1901-இல் கோவில்பட்டியில் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எங்கள் கருங்கண்ணிப் பருத்தியில் 'கே' வரிசை ரகங்களைக் கொடுத்தது. இப்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்குப் போகிறது. பருத்தி எடுக்க ஆள் கிடைக்காது, கிடைத்தால் கூலி கட்டாது. மாற்றினவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் புஞ்சையையும் குத்தகைக்காரர் மக்காச்சோளத்துக்குத்தான் உழுகிறார்.

போன மாசியில் பருவம் தப்பி ஒரு மழை. மறுநாள் காலை, வேண்டாம் என்று தெரிந்தே, தார் ரோட்டை விட்டுப் புஞ்சைக்குப் போகிற வண்டிப்பாதையில் இறக்கினேன். நூறடி போயிருக்க மாட்டேன், சக்கரம் நின்றுவிட்டது. சிரிப்புதான் வந்தது. குத்தி எடுக்கக் குச்சி தேடினேன். சுற்றிலும் அறுத்துப் போட்ட மக்காச்சோளத் தட்டை. ஒன்றை ஒடித்துக் குத்தினேன். மண்ணில் பட்டதும் மளுக்கென்று முறிந்தது. இன்னொன்றும் அப்படியே.

கடைசியில் பிளக் ஸ்பேனரால்தான் சுரண்டினேன்.