பின்விளக்கு

கரும்பு வெட்டும் காலம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலையில் இரவெல்லாம் டிராக்டர்கள் ஓடும். ஆலைக்குப் போகும் டிரெய்லர்கள் பலவற்றுக்குப் பின்னால் விளக்கே இராது. 2024 தை மாதத்தில் பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், இருட்டில் நின்ற டிரெய்லர் மீது மோட்டார் சைக்கிளோடு மோதி உயிரிழந்தார். செய்தி கேட்ட அன்றே, மாமாவின் டிரெய்லர் விளக்கைச் சரிசெய்து தருவதென முடிவு செய்தேன். இயற்பியல் படிக்கிறவன் அல்லவா!

“லைட்டெல்லாம் இருக்குடா மாப்ளே, எரியத்தான் மாட்டேங்குது” என்று சிரித்தார் மாமா.

சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டால், அது கண் சிமிட்டும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து மங்கியது. பல்புகளைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட்! பேட்டரியில் ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். கணக்குச் சரி. “ஒயரிங்கில் குறையில்லை, பல்புதான் பழுது” என்று தீர்ப்பளித்தேன். புதுப் பல்பும் அழுது வடிந்தது. அன்று மாலையே லோடு ஏற்றியாக வேண்டும்.

கடைத்தெருவில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணனை மாமா அழைத்து வந்தார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய பல்பும் இரண்டு ஒயர்களுமே. ஒரு முனையை ஹோல்டரில் வைத்து, மறுமுனையை டிரெய்லர் இரும்பில் வைத்தார், மங்கல். அதே மறுமுனையை நீள ஒயரால் பேட்டரியின் நெகட்டிவுக்குக் கொண்டுபோனார், பளிச்சென்று எரிந்தது.

“வர்ற வழி நல்லாத்தான் இருக்கு தம்பி. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு.”

எனக்கு உறைத்தது. பல்பைத் தாண்டிய மின்சாரம் டிரெய்லர் இரும்பு வழியே, கொக்கி வழியே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கொக்கியிலோ துருவும் மண்ணும். மீட்டர் இழுப்பது அணுவளவு மின்னோட்டம். அதற்குத் துரு ஒரு பொருட்டல்ல. 21 வாட் பல்புக்கோ ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும். துருவின் தடை 2 ஓம் என்றாலும் பல்புக்குப் பத்து வோல்ட்கூட மிஞ்சாது. ஓம் விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

“ஆள் ஏறாத பாலம் எல்லாம் பலமாத்தான் தெரியும். பாரம் ஏத்திப் பாக்கணும்” என்றார் அண்ணன். டிரெய்லர் சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, அங்கிருந்து டிராக்டருக்குத் தனியே ஓர் எர்த் ஒயர் இழுத்தார். அவ்வளவுதான், விளக்குகள் கண் விழித்தன.

மாலையில் கரும்பு ஏறியதும், விளக்கை மறைத்த தோகையை மாமாவே அரிவாளால் வெட்டி ஒதுக்கினார். ஏரிக்கரைத் திருப்பம் வரை அந்த இரு சிவப்புப் புள்ளிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். படித்த படிப்பும் அப்படித்தான் போலும். பாரம் ஏறும்போதுதான் அது எரிகிறதா என்று தெரிகிறது.