எத்தனை கிலோ?

சந்தவாசலில் மண்ணுளிப் பாம்பைப் பார்த்தேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி "எங்க?" இல்லை. "எத்தினி கிலோ இருக்கும்?" என்பதுதான். நல்ல பாம்பு என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கட்டுவிரியன் என்றால் கம்பைத் தேடுவார்கள். சாரை என்றால் "உடு, எலி புடிக்க வந்திருக்கும்". எடை கேட்கப்படுகிற ஒரே பாம்பு இதுதான்.

2020ல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது ஊருக்கு வந்தவன் நான். அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங் முடிய இரவு பத்தரை ஆகும். அதற்குப் பிறகு தூக்கம் வராது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கும் ஜவ்வாது மலை அடிவாரத்துக்கும் போக ஆரம்பித்தேன். கற்களுக்கு நடுவே சுருட்டை விரியன், தண்ணீர் ஓரத்தில் நீர்க்கோலி, கோடை மழைக்கு மறுநாள் வெளியே வந்து கிடக்கும் மண்ணுளி. எதையும் தொடுவதில்லை. நின்று பார்ப்பேன், படம் எடுப்பேன், வந்துவிடுவேன்.

மண்ணுளியைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அது எதுவும் செய்யாது. நிஜமாகவே எதுவும் செய்யாது. மழமழவென்று செம்பழுப்பு உடம்பு, மண்ணைக் கிளற ஆப்பு மாதிரி மூக்கு, தலையைப் போலவே மழுங்கிய வால். மிரண்டால் தலையைச் சுருளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். தாக்க வருகிறவன் வாலைக் கடிக்கட்டும், தலை தப்பட்டும் என்கிற ஏற்பாடு. இதிலிருந்துதான் இருதலை மணியன் என்ற பெயரும், ஆறு மாசம் இந்தத் தலை, ஆறு மாசம் அந்தத் தலை என்கிற கதையும். விஷம் கிடையாது. எலிதான் சாப்பாடு. முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி. எங்கள் தெருவில் நாய்க்கு வைக்கிற பெயர் என்று சிரித்திருக்கிறேன். அந்த ஜான், தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1801ல் அவர் நினைவாகப் பெயர் வைத்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் தன் பெயரையே விட்டுப்போனவர்.

மண்ணுளி நக்கினால் வெண்குஷ்டம் வரும் என்று என் ஆயா சொல்லும். பொய்தான். ஆனால் அந்தப் பொய் இருந்தவரை அதை யாரும் தொடவில்லை. அப்புறம் இன்னொரு பொய் வந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால் லட்சங்கள், அதற்கும் மேல் என்றால் கோடி. கேன்சருக்கு மருந்து, வீட்டில் வைத்தால் செல்வம், வெளிநாட்டு பார்ட்டி. இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் வரிசையில் இதுவும் ஒன்று. ஒரே வித்தியாசம், இதில் சிக்குவதற்கு ஓர் உயிர் இருக்கிறது. எடை கூட்ட இரும்புக் குண்டுகளை விழுங்கவைத்த செய்திகளைப் படித்திருக்கிறேன். 2016 முதல் 2021 வரை செய்திகளில் வந்த பறிமுதல்களை மட்டும் டபிள்யூ.சி.எஸ்.-இந்தியா அமைப்பு திரட்டியது. 18 மாநிலங்களில் 172 சம்பவங்கள். ஐ.யு.சி.என். பட்டியலில் இப்போது இது 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம்.

இரண்டு வருடம் முன்னால் சித்தப்பா வீட்டுத் தறிக்குழியில் ஒன்று வந்தது. குழித்தறியில் கால் வைக்கிற பள்ளம், எப்போதும் உலர்ந்த மண், மூலையில் எலி வளை. அதற்கு அதைவிட நல்ல இடம் எது? சித்தப்பா அதை பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி, எனக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பே வேறு யாருக்கோ சொல்லிவிட்டார். நான் போனபோது அது பட்டு நிறுக்கிற தராசில் இருந்தது. முதலாளி கொடுக்கிற பாவும் ஊடையும் கிராம் கிராமாக நிறுக்கப்படும் அதே தராசு. 640 கிராம்.

"அவ்ளோதானா" என்றார். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த வருடம் அவருக்கு எவ்வளவு கடன் என்று எனக்குத் தெரியும். பட்டு விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை.

புரோக்கர் போனிலேயே தைரியம் கொடுத்திருந்தார். எலி போட்டு வளர்த்தால் ஏறிவிடும், இப்போதைக்கு பார்ட்டி பெங்களூரிலிருந்து வந்து பார்க்க வண்டிச் செலவு ஐயாயிரம் அனுப்புங்க. "ஃபாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லிடலாம் சித்தப்பா, வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றேன். அவர் பயந்தார். "பாம்பு யார் ஊட்ல இருந்துச்சோ அவன் மேலதான்டா கேஸு." அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 1972 சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பேப்பரில் வரும் போட்டோக்களைப் பாருங்கள். கோணிப்பைக்குப் பின்னால் நிற்பவர்கள் டிரைவரும் கூலியாளும்தான். வாங்க வந்தவன் என்று ஒருவனும் அதில் நிற்பதில்லை. ஏனென்றால் வாங்க வருகிறவன் என்று ஒருவன் இல்லவே இல்லை. புரோக்கருக்கு மேல் புரோக்கர், அட்வான்ஸுக்கு மேல் அட்வான்ஸ்.

பாம்புக்கு விலை வந்தாலே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. தோல் வியாபாரம் சட்டப்படி நின்றபோது பிழைப்பு போன இருளர்களுக்காக 1978ல் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று அவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இன்றும் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017ல் ஃப்ளோரிடாவுக்குப் போய் அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ல் பத்மஸ்ரீ. அங்கே பாம்பு உயிரோடு திரும்பினால்தான் தொழில் நடக்கும். மண்ணுளியிடம் எடுக்க விஷம்கூட இல்லை. கொடுப்பதற்கு அதனிடம் இருப்பது எலி பிடிக்கிற வேலை மட்டும். அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

கடைசியில் சித்திதான் முடித்துவைத்தது. ராத்திரி சாப்பாட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி: "விக்கறவன் பணம் வாங்கணுமா, குடுக்கணுமா?" சித்தப்பா தட்டைப் பார்த்தார். பதினொரு மணிக்கு டிரம்மை வண்டியில் நடுவில் வைத்து நானும் சித்தியும் ஏரிக்கரைக்குப் போனோம். கவிழ்த்தபோது அது கொஞ்ச நேரம் வாலைத் தூக்கியபடி கிடந்தது. டார்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டபோது பாதி உடம்பு மண்ணுக்குள். சித்தி தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரேணுகாம்பாளுக்கு ஏதோ வேண்டிக்கொண்டிருக்கும். என்னவென்று நான் கேட்கவில்லை.

அந்தப் படத்தை ஐ-நேச்சுரலிஸ்டில் ஏற்றினேன். இடத்தை மறைக்கிற வசதி அதில் உண்டு. புள்ளிக்குப் பதிலாக, பக்கத்துக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு கட்டம் தெரியும். கண்ணமங்கலம், படவேடு, சந்தவாசல் எல்லாம் அடங்கிவிடுகிற அளவு. எங்கே இருக்கிறது என்று தெரியாத உயிரைக் காப்பாற்றுவது கஷ்டம். தெரிந்துவிட்டாலும் கஷ்டம். தினமும் டேட்டாவோடு பிழைக்கிறவன், துல்லியம் குறைந்தால் எரிச்சலாகிறவன் நான். இதில் மட்டும் படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ்ஸைக்கூட அழித்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். இரண்டு நாளில் ஒரு மெசேஜ் வந்தது. அந்த வாரம்தான் தொடங்கிய கணக்கு, ஒரு பதிவும் இல்லை. "செம்ம ப்ரோ. ஏரிக்கு வடகரையா, தென்கரையா?" பதில் போடவில்லை.

தை மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அவர் தறியில் குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிபோட்டுக்கொண்டிருந்தார். ராத்திரியில் எலி பாவைக் கடித்துவிட்டிருந்தது. அரை நாள் வேலை போச்சு என்றார். அப்புறம், நிமிராமலே, "அவ்ளோ தூரம் கொண்டுபோயா உடணும்" என்றார்.