கனவில் மட்டும் இருக்கும் ஊருக்குக் களஞ்சியத்தில் இடம் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கெல்லாம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார் மகள். தோளில் லேப்டாப் பை, கையில் அப்பாவுக்குக் குழம்பு ஊற்றிய தூக்கு. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பஸ் பெரம்பலூர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். திண்ணையில் அப்பா காத்திருப்பார். மடியில் நோட்டு.

அப்பாவுக்கு 74 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தெருவில் இன்றைக்கும் அவர் ‘தமிழய்யா’தான். வேலையில் இருந்தபோதே தொடங்கிய காரியம் ஒன்று பாக்கி நிற்கிறது. தமிழ் இலக்கியத்திலும் கதைகளிலும் வரும் ஊர்களையும் இடங்களையும் அகர வரிசையில் தொகுத்து ஒரு சின்னக் களஞ்சியம். 11 நோட்டுகள் நிரம்பிவிட்டன. அதற்குள் கண் முந்திக்கொண்டது. கிளாக்கோமா. இடது கண்ணில் பார்வை போய்விட்டது, வலது கண்ணில் நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மகள் வாசித்துக் காட்டி, டைப் செய்கிறார்.

‘உ’ வரிசையில் ஒரு பக்கம் வெறும் தலைப்போடு நின்றது. “அதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தாண்டச் சொன்னார் அப்பா. மற்றபடி பிரச்னை இல்லை. ‘கந்தர்வ லோகம்’ வந்ததும்தான் சண்டை ஆரம்பித்தது.

“இது எந்த ஊருப்பா?”

“பாரதியாரோட ‘ஞானரதம்’. நீ படிச்சதில்லையா?”

1910-ல் புத்தகமாக வந்த கதை அது. திருவல்லிக்கேணி வீட்டில் சாயங்கால நேரம் கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒருவர், ஞானம் என்கிற தேரில் ஏறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று உலகம் உலகமாகப் போய்வருகிறார்.

“தூங்கி எழுந்தா காணாமப் போற இடத்துக்கு எதுக்குப்பா தனிப் பதிவு? ‘ஞானரதம்’னு ஒரு வரி போட்டா போதாதா?”

மகள் அறிவியல் ஆசிரியை. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூர் கல்மரத்துக்கும் வருடம் தவறாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர். சாத்தனூரில் கிடக்கும் அந்த மரம் சுமார் 18 மீட்டர் நீளம், 12 கோடி வருடப் பழசு. இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பதற்கு அதுவும் சாட்சி. தொட்டுப் பார்க்கலாம். அவருக்கு அதுதான் கணக்கு.

அப்பா விடவில்லை. “கடலும்தான் இப்ப இல்ல. சிப்பியைப் பார்த்துத்தானே இருந்துச்சுங்கறே? எனக்கு எழுத்துதான் சிப்பி.”

“கடல் நிஜமா இருந்துச்சுப்பா. அது வேற, இது வேற.”

இந்த இடத்தில் மகள் சொன்னதுதான் சரி. இருந்து மறைந்ததும், ஒருபோதும் இல்லாததும் ஒன்றாகிவிடாது. (அரியலூர் மாவட்டமே 2001-ல் பிறந்து, 2002-ல் பெரம்பலூரோடு சேர்ந்து காணாமல் போய், 2007-ல் மறுபடி வந்ததுதான். ஆனாலும் அதை யாரும் கனவு என்று சொல்ல மாட்டார்கள்.)

ஆனால், களஞ்சியம் என்பது இருந்தவற்றுக்கு மட்டுமா? ஆ.சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டதும் அதே 1910-ல்தான். யாரும் கண்ணால் பார்த்திராத புராண மனிதர்களும் உலகங்களும் அதில் நிறைய. படிக்கிறவர் ஒரு பெயரைச் சந்தித்து, ‘இது என்ன?’ என்று தேடி வந்தால் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தப் புத்தகத்தின் நியாயம். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வந்த ‘கலைக்களஞ்சியம்’ போன வழி வேறு. அறிவியலும் உலக அறிவும் தமிழில் சேர வேண்டும் என்பது அதன் கவலை. அப்பாவின் அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டிலும் இந்த இழுபறி உண்டு. ஆல்பர்ட்டோ மாங்குவெலும் ஜியானி குவாடலூப்பியும் 1980-ல் கற்பனை இடங்களுக்கென்றே ஒரு தடித்த அகராதி கொண்டுவந்தார்கள். ஆலிஸ் போன வொண்டர்லேண்ட் அதில் உண்டு. 1865-ல் வந்த அந்தக் கதையும் கடைசியில் கனவுதான். ஆனால் சொர்க்கம், நரகம் எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களிடம் போயிருந்தால் பாரதியின் லோகங்கள் வாசலிலேயே நின்றிருக்கும்!

அப்பாவிடமும் கறார் உண்டு. கடைசி வரியில் ‘திடுக்கிட்டு விழித்தான், எல்லாம் கனவு’ என்று முடிகிற கதைகளுக்கு நோட்டில் இடம் கிடையாது. (வார இதழ் ஆசிரியர்கள் இதற்குக் கைதட்டுவார்கள்.) அந்த உலகத்துக்கென்று ஒரு வழி, ஒரு சட்டம், அங்கே வசிக்கும் யாராவது இருக்க வேண்டும். இன்னொன்று, எழுதினவரைத் தவிர வேறு யாராவது அங்கே போயிருக்க வேண்டும். அதாவது, பிறகு வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். “ஒருத்தன் மட்டும் கண்டா அது கனவு. நாலு பேர் பேசினா அது ஊரு” என்றார்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கந்தர்வ லோகத்தை டைப் செய்தார். வகை என்ற இடத்தில் ‘கனவில் மட்டும்’ என்று தானாகவே சேர்த்தார். வாசித்துக் காட்டியபோது அப்பா தலையாட்டினார்.

சாப்பிட்ட பிறகு மகள் கேட்டார், “அப்போ அந்த ‘உ’ பக்கம்? அதுவும் ஞானரதம்தானே. உபசாந்தி லோகம். ஏம்ப்பா எழுதலை?”

அப்பா நோட்டை வாங்கித் தடவிக்கொண்டிருந்தார்.

“எழுதிக்க. கவலையே இல்லாத உலகம். வாசல்ல காவல் உண்டு. மனசை வெளியில விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். கதை சொல்றவர் போகலை. திரும்பினார்.”

“உள்ளே எப்படி இருக்கும்னு?”

“வாசலோட சரி.”

“இந்த நாலு வரிக்கா ஆறு வருஷம்?”

“உங்கம்மா போன மாசம்தான் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தேன்ம்மா. மனசை விட்டுட்டு வான்னா... அவளையும்ல விட்டுட்டுப் போகணும்.”

மகள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், “‘திரும்பினார்’னு போடவா, ‘திரும்பிவிட்டார்’னு போடவா?”

“திரும்பினார்னே போடு.”

சேமித்தார். நாலரை மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுத்த தலைப்பை வாசித்தார். கபாடபுரம். கடல் கொண்டதாகச் சொல்லப்படும் பாண்டியர் தலைநகரம்.

“இதுக்கும் சண்டை உண்டாப்பா?”

“டீ போட்டுட்டு வா. ஆரம்பிக்கலாம்.”