கூட்டலா, கழித்தலா?

தூத்துக்குடி

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதே கொசைன் விதி கணக்குப் புத்தகத்தில் கழித்தல் குறியோடும், இயற்பியலில் கூட்டல் குறியோடும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் சரிதான் கண்ணு. கோணம்தான் வேறு. இரண்டு விசைகளின் வாலையும் ஒரே புள்ளியில் வைத்தால் நடுவே இருப்பது தீட்டா. ஒன்றின் தலையில் மற்றதன் வாலை ஒட்டி முக்கோணம் ஆக்கினால், உள்ளே விழுவது 180-லிருந்து தீட்டா போக மிச்சம். அதன் கொசைனுக்குக் குறி மாறும். இதைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காத விஷயம்.

எங்கள் யார்டில் தினமும் இந்தக் கணக்குதான். 2 டன் இரும்பு உத்தரம், கிரேன் கொக்கியிலிருந்து இரண்டு ஸ்லிங், அதாவது தூக்கும் வடம். ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 டிகிரி சாய்ந்திருந்தால் இரண்டுக்கும் இடைக்கோணமும் 60. சூத்திரத்தில் போட்டுப் பார்: தொகுபயன், ஒரு ஸ்லிங்கின் இழுவிசையைப் போல 1.73 மடங்கு. அது 2 டன்னைத் தாங்க வேண்டும் என்றால் ஸ்லிங் ஒவ்வொன்றிலும் 1.15 டன். சாய்வு 30 ஆகிவிட்டால் இடைக்கோணம் 120, அதன் கொசைன் மைனஸ் அரை. இப்போது ஒவ்வொன்றிலும் முழு 2 டன்! 15-க்கு இறங்கினால் 3.86. உத்தரம் ஒரு கிலோகூட ஏறவில்லை, பார்த்தாயா? மேல்நோக்கிய கூறுதான் எடையைத் தாங்குகிறது, அது சைனோடு சுருங்குகிறது. பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டாலும் சும்மா இருப்பதில்லை, உத்தரத்தை இரு முனையிலிருந்தும் நெருக்குகின்றன.

30-க்குக் கீழே போனால் சுமையைக் கட்டும் எங்கள் ரிக்கர் 'தூக்கு' என்று கை காட்டவே மாட்டார். கோணமானி எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு ஸ்லிங்கின் நீளமும் உத்தரத்தில் மாட்டிய இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் ஒன்றா என்று டேப் பிடித்துப் பார்ப்பார். ஒன்று என்றால் சமபக்க முக்கோணம், 60 டிகிரி, வேலை முடிந்தது.

சமமில்லாத விசை வந்தாலும் பயப்படாதே. 3 நியூட்டன், 4 நியூட்டன், இடையில் 60 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பார். தொகுபயன் 6.08 வரும். திசைக்கு டேன். 3 நியூட்டனிலிருந்து அளந்தால் 35-க்குச் சற்றுக் குறைவாக வரும். பெரிய விசைப் பக்கம்தான் சாய வேண்டும். மாறி வந்தால் சைனும் கொசைனும் இடம் மாறிவிட்டனவா என்று பார். லாமியின் தேற்றத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவிடம் கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
சித்தப்பா