கொல்லையில் கேழ்வரகு, கழனியில் உளுந்து

வைகாசி 20
மேட்டுக்கொல்லையில் கோடை உழவு முடிந்தது. போன வருடம் அங்கே மல்லாட்டை (நிலக்கடலை). அதன் வேர் மண்ணில் விட்டுப்போன தழைச்சத்தை இந்த வருடம் கேழ்வரகு எடுத்துக்கொள்ளட்டும். கூடவே ஊடுபயிராகத் துவரை: எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லிவரும் விகிதம்தான்.

விகிதத்தை அங்கிருந்து எடுக்கலாம், விதைப்புப் பட்டத்தை எடுக்க முடியாது. உத்திரமேரூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்து விதைத்தால், கதிர் முற்றுகிற சமயத்தில் அடைமழை பிடித்துக்கொள்ளும். தானியம் கதிரிலேயே முளைத்துவிடும். ஆனி முதல் வாரம் விதைத்தால் 110 நாள் ரகம் புரட்டாசிக்குள் களத்துக்கு வரும். துவரைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வேண்டும். கேழ்வரகை அறுத்து வெளிச்சம் கிடைத்த பிறகுதான் அது நன்றாகக் கிளைக்கும். ஐப்பசி மழையைக் குடித்து வளர்ந்து தையில் காய்க்கும். கேழ்வரகு வேர் மேல் மண்ணோடு நின்றுவிடும். துவரையின் ஆணிவேர் ஆழத்துக்குப் போகும். தண்ணீருக்குச் சண்டை குறைவு. ஆனால் துவரைக்குத் தேங்கின தண்ணீர் ஆகாது. அதனால் கொல்லையோடு சரி, கழனியில் அதற்கு இடமில்லை.

போன வாரம் மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலையைக் குறித்து வைக்கிறேன். குவிண்டாலுக்கு நெல் ரூ. 2,369, கேழ்வரகு ரூ. 4,886, உளுந்து ரூ. 7,800. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனி 4
துவரை விதையை ஆறின கஞ்சியில் ரைசோபியம் கலந்து புரட்டி, நிழலில் காயவைத்து விதைத்தாயிற்று. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துத் தருவது இந்த நுண்ணுயிர்தான்.

ஆடி 17
அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஊரே வரிசையில் நின்று குடித்தது. கேழ்வரகு மாவு கடையில் வாங்கிய பாக்கெட். 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எங்கள் தெருவில் கேழ்வரகு விதைத்த கொல்லை என்னுடையது ஒன்றுதான்.

பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா சொம்போடு வந்து உட்கார்ந்தார். "நீ மட்டும் கேவுரு போட்டா ஊர்க் குருவியெல்லாம் உன் கொல்லையிலதான்டா இறங்கும். பத்துப் பேர் போட்டா ஆளுக்குக் கொஞ்சம் தின்னுட்டுப் போவும்."

"நீங்க ஏன் பெரியப்பா போடல?"

"நெல்லுன்னா கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு வரலாம். இதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆதரவு விலை ஏட்டில் இருந்து என்ன, எடை போட்டு வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா?

புரட்டாசி 24
கேழ்வரகு அறுவடை. குருவி விஷயத்தில் பெரியப்பா சொன்னதே நடந்தது. கதிரைக் கையால்தான் கொய்ய வேண்டியிருந்தது, கூலி நெல்லைவிட அதிகம். ஆனாலும் வீட்டுக்குத் தானியம், மாட்டுக்குத் தட்டை, நிலத்தில் இன்னும் நிற்கிற துவரை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டமில்லை.

ஐப்பசி 28
இனி கழனிக் கணக்கு. ஏரி நிரம்பிக் கோடி போனால் சம்பாவுக்குப் பின் ஊர் முழுக்க நவரை நெல் நடும். போகாவிட்டால் உளுந்துதான் புத்தி. நெல் அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீசிவிடலாம். உழவு வேண்டாம், மண்ணில் மிஞ்சின ஈரமும் பனியும் 70, 75 நாள் பயிருக்குப் போதும். அறுவடை இயந்திரம்தான் இடைஞ்சல், முளைத்ததை நசுக்கிவிடும். எனக்கு இருக்கிற துண்டுக்கு ஆள் வைத்து அறுத்துக்கொள்வேன்.

என்னால் சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. மேல் கழனிக்காரர் நவரை நட்டால் அவர் வரப்புக் கசிவு என் உளுந்தில் வந்து நிற்கும், உளுந்து அழுகும். ஆளாளுக்கு வேறு வேறு வாரத்தில் உளுந்து விதைத்தால் வெள்ளை ஈ முன்னதிலிருந்து பின்னதுக்கு மஞ்சள் தேமலைக் கொண்டுவரும். பயிர்த் திட்டத்தை நோட்டுப் புத்தகத்தில் தனியாகப் போடலாம். மண்ணில் தனியாகப் போட முடியாது.

கார்த்திகை 6
உத்திரமேரூர் டவுனுக்குப் போனபோது வைகுண்டப் பெருமாள் கோயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் புகழ்கிறார்கள். என் கண் போவது அதே சுவரிலிருக்கும் ஏரி வாரியத்தின் மேல். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், ஒரு வருடப் பொறுப்பு. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவனுக்குத்தான் அந்தக் குடம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஏரித் தண்ணீர் ஊர்ப் பேச்சு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கும் இடமிருக்கிறது.

ஏரிக்குக் கீழே கழனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை முடிவதற்குள் உங்கள் மதகுக்காரர்களை ஒரு நாள் உட்காரவையுங்கள். நவரையா, உளுந்தா என்று மதகு மொத்தத்துக்கும் ஒரே முடிவு எடுங்கள். உளுந்து என்றால் எல்லோரும் ஒரே வாரத்தில் விதையுங்கள். கடைமடைக்காரரை முதலில் பேசவிடுங்கள்.